குணாவின் இடது காது

திருப்பூர் நல்லூர்ப் பக்கம், துணி பின்னுகிற நிட்டிங் ஷெட்டுகளில் ஃபிட்டர் குணாவின் காதைப் பற்றிக் கேள்விப்படாத ஆள் கிடையாது. பத்து மிஷின் ஒன்றாக இரைந்துகொண்டிருக்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, "ஏழாம் நம்பர்ல ஒரு நீடில் போயிருச்சு, நிறுத்துங்க" என்பான். நிறுத்திப் பார்த்தால், வட்டமாக நிற்கும் இரண்டாயிரம் ஊசிகளில் ஒன்றுக்குக் கொக்கி முறிந்திருக்கும். ஊசி கெட்ட மிஷின் துணி நெடுக ஒரு கோட்டை இழுத்துக்கொண்டே போகும். வெள்ளைத் துணியில் அந்தக் கோடு சில சமயம் கண்ணுக்கே தெரியாது. சாயம் ஏறின பிறகுதான் பல்லைக் காட்டும். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். ஆகவே காதால் கண்டுபிடிக்கிறவனுக்கு எப்படிப்பட்ட மரியாதை இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குணாவுக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? சந்தேகம் வந்த மிஷினிடம் போய், நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியை இடது காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பாரே, அப்படி. ஷெட்டே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அதே ஸ்குரூடிரைவர், அதே இடது காது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி வேல்குமார் எல்லோருக்கும் பொரியும் புதுத்துணியும் கொடுத்தார். குணாவை மட்டும் ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டார். வேல்குமார் பாட்டுப் பைத்தியம். தன் காதுக்கென்று அளவெடுத்துச் செய்த இயர்போன் ஒன்று வைத்திருக்கிறார். குணாவுக்கும் அதேபோல் ஒன்று செய்யச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

"கடையில விக்கிறது ஊருக்கெல்லாம் ஒரே அளவுங்க, குணாண்ணா. இது உங்க காதுக்கு மட்டும் செய்யறது. வேற ஒருத்தரு காதுல போகவே போகாது. உங்க காதுலதானுங்க நம்ம ஷெட்டே ஓடுது. அதுக்கு நான் ஒண்ணு செய்யோணுமில்லீங்க?"

குணாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மோதிரம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

அளவெடுக்கிற இடம், காது மிஷின் விற்கிற ஒரு கடை. சத்யப்பிரியா என்று ஒரு பெண் இருந்தாள். ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி ஒன்றைப் பிசைந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து, இரண்டு காதுக்குள்ளும் பிதுக்கிவிட்டு, அசையாமல் இருக்கச் சொன்னாள். குளுகுளுவென்று உள்ளே இறங்கியது. உலகம் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. ஐந்து நிமிஷத்தில் கெட்டியானதும் உருவி எடுத்துக் கையில் வைத்துக் காட்டினாள். தன் காதின் உட்புறம் இத்தனை வளைவு நெளிவாக இருக்கும் என்று குணா நினைத்ததே இல்லை.

"அண்ணா, அப்படியே ஒரு ஹியரிங் டெஸ்ட்டும் எடுத்துக்கறீங்களா? காசெல்லாம் வேண்டாமுங்க. நிட்டிங்ல இருக்கறவங்க எடுத்துக்கறது நல்லதுங்க" என்றாள் அவள்.

"கண்ணு, மிஷினுக்கெல்லாம் நான்தான் டெஸ்ட்டு எடுக்கறவன். எனக்கே டெஸ்ட்டா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டான்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முதுகுக்காவது கண்ணாடி இருக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்து முடித்து, முருகன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்த பிறகுதான் திறந்தான். கருப்புப் பஞ்சு மெத்தையில் இரண்டு துண்டுகள். நாவற்பழ நிறத்தில், கண்ணாடி போல உள்ளே இருக்கிறதெல்லாம் தெரிந்தது. வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலப் புள்ளி. மனைவி வினிதா எட்டிப் பார்த்து, "புளியங்கொட்டையாட்டம் இருக்குதுங்க" என்றாள்.

மாட்டுவதற்கு ஒரு பக்குவம் வேண்டியிருந்தது. நேராகச் செருகினால் போகாது. சற்றுத் திருப்பி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து விட்டால் 'சக்'கென்று உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த பிறகு அது இருப்பதே தெரியவில்லை. கடையில் வாங்கினதெல்லாம் வியர்வையில் வழுக்கி விழும். பத்து நிமிஷத்தில் வலிக்கும். இது தலையை ஆட்டினாலும் அசையவில்லை. அடுப்படியில் மிக்ஸி ஓடியது, கேட்கவில்லை. எச்சில் விழுங்கியது மட்டும் கிணற்றில் கல் விழுந்த மாதிரி கேட்டது. குணாவுக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி விழுங்கிப் பார்த்தான்.

பிறகு போனில் ஒரு முருகன் பாட்டைப் போட்டான்.

வலது பக்கம் நாதஸ்வரக்காரர் மூச்சை இழுப்பது கேட்டது. தவில்காரரின் விரல் உறை தோலில் படுகிற ஓசை தனியாகக் கேட்டது. நூறு தடவை கேட்ட பாட்டுதான். அதற்குள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் நீர் தளும்பிவிட்டது. இடது பக்கமோ, பக்கத்து ஊட்டுக் கல்யாணம் மாதிரி இருந்தது. தவில் மொத்தையாக வந்தது. நாதஸ்வரம் வரவே இல்லை.

"லெஃப்ட்டு ஃபால்ட்டு" என்றான் குணா, கழற்றிப் பார்த்து.

சாதாரண இயர்போனாக இருந்தால் இடதை வலதில் மாட்டிப் பார்த்து அரை நிமிஷத்தில் விஷயத்தைத் தெரிந்துகொண்டிருப்பான். அப்படியும் முயன்றான். இடதுக்குச் செய்தது வலதில் போகவில்லை, முட்டிக்கொண்டு நின்றது. வேல்குமாரிடம் சொன்னான். அவரும், "அப்பிடியா? திருப்பி அனுப்பீரலாமுங்க" என்று அன்றைக்கே கூரியரில் போட்டுவிட்டார்.

பெட்டி போன நாலாவது நாள்தான் முனீஸ் கூப்பிட்டான்.

முனீஸ் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஆறு வருஷமாக அந்த ஷெட்டில் ஆபரேட்டர். அவன் மனைவி ராமுத்தாயும் அங்கேதான் நூல் கோன் மாற்றுகிற வேலை செய்தாள். மகள் அபிராமி நல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிறாள். நிட்டிங் ஷெட்டில் யாரும் வாயால் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் கேட்காது. எல்லாம் கையும் உதடும்தான். ஒரு வருஷம் ஷெட்டில் இருந்தவர்கள் உதட்டைப் பார்த்தே குடும்பக் கதை பேசுவார்கள். சுண்டுவிரலை வளைத்துக் காட்டினால் நீடில் போச்சு என்று அர்த்தம். முனீஸ் நாலாம் நம்பரைக் காட்டிச் சுண்டுவிரலை வளைத்தான். உதட்டை அசைத்து, "டிக் டிக்குன்னு கேக்குண்ணே" என்றான்.

குணா போனான். ஸ்குரூடிரைவரை ஊன்றினான். இடது காதில் வைத்தான். கண்ணை மூடினான். மிஷினின் இரைச்சல் கனமாக, சீராக வந்துகொண்டிருந்தது. டிக்கும் இல்லை, டக்கும் இல்லை. கண்ணைத் திறந்து தலையாட்டி, ஓட்டு என்று கையைச் சுழற்றிக் காட்டினான். முனீஸ் தயங்கினான். மறுபடி விரலை வளைத்தான். குணாவுக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவன் எனக்குச் சொல்லித் தருகிறானா? இன்னொரு தடவை கையை வேகமாகச் சுழற்றிவிட்டு நடந்தான். கோன் கூடையோடு நின்ற ராமுத்தாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துச் சாயப்பட்டறையிலிருந்து துணி திரும்பி வந்தது. கருநீலம். வேல்குமார் ஒரு துண்டைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிறிய கோடு. ரோல் ரோலாக, நாலாம் நம்பர் போட்ட துணி முழுக்க அதே கோடு. எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரன் வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டுப் போயிருந்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேண்ணே" என்றான் முனீஸ், வேல்குமாரிடம். "குணாண்ணே வந்து கேட்டுப்புட்டு ஓட்டுன்னாக."

வேல்குமார் குணாவைப் பார்த்தார்.

"கேட்டனுங்க. அன்னைக்கு மிஷின் சுத்தமா இருந்துச்சுங்க" என்றான் குணா. அதுவரைக்கும் அவன் சொன்னது அவன் நம்பியதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் போனதுக்கப்பறம் நீடில் போயிருக்கோணும். இவன் போனை நோண்டீட்டு உக்காந்திருப்பானுங்க."

முனீஸ் போனை நோண்டி குணா பார்த்ததே இல்லை. வார்த்தை தானாக வந்து விழுந்தது.

"அவரு காதுல விழாத சத்தம் மிஷின்ல எப்பிடிப்பா இருக்கும்?" என்றார் வேல்குமார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ராமுத்தாய் ஓடிவந்து, "நான் பாத்தேன் முதலாளி, அவுக ரெண்டு வாட்டி விரலை மடக்குனாக" என்றாள். புருஷனுக்காகப் பெண்டாட்டி சொல்கிற சாட்சியை எந்த ஊரில் ஏற்றுக்கொண்டார்கள்? அன்று மாலையே முனீசைக் கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவனோடு ராமுத்தாயும் போனாள்.

அத்தோடு போயிருந்தால் வேறு ஷெட்டில் சேர்ந்திருப்பான். ஆபரேட்டருக்கா திருப்பூரில் வேலை இல்லை? ஆனால் ஷெட்டுக்காரர்களுக்கெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. கோடு விழுந்த துணியின் போட்டோவும் முனீசின் பேரும் நல்லூரிலிருந்து முதலிபாளையம் வரைக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? போகிற இடத்திலெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆளு எடுத்தாச்சுப்பா" என்றார்கள்.

அந்த வாரம்தான் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு. இரண்டு பக்கமும் சோதித்துப் பார்த்ததாகவும், ஒரே அளவில் சத்தம் வருவதாகவும், பழுது ஏதும் இல்லை என்றும் எழுதியிருந்தது. குணா மாட்டிப் பார்த்தான். வலதில் நாதஸ்வரம். இடதில் பக்கத்து ஊட்டுக் கல்யாணம். "திருட்டுப் பசங்க, பாக்காமயே திருப்பி அனுப்பீட்டானுக" என்று திட்டிவிட்டுப் பெட்டியை அலமாரியில் வைத்தான்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்துகிற நாள் வந்தது. அன்றைக்கு நல்லூரே செத்துக் கிடக்கும். பகல் பதினொரு மணிக்குத் தெருவில் காக்கை கரைவது கேட்கும். ஷெட் லீவு. குணா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவன், பெட்டியை எடுத்துப் பாட்டைப் போட்டு, இரண்டு துண்டையும் மேஜைமேல் வைத்தான். அந்த அமைதியில், கொசு ரீங்காரம் மாதிரி, இரண்டிலிருந்தும் பாட்டு கசிந்தது. இடதுக்குச் செய்ததை எடுத்தான். அது வலது காதுக்குள் போகாது, சரி. தலைகீழாகத் திருப்பி, சத்தம் வருகிற துளையை மட்டும் வலது காதின் வாயில் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்தான்.

நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்தார்.

குணா கையை எடுத்தான். மறுபடி வைத்தான். அதே மூச்சு. அப்புறம் வலதுக்குச் செய்ததை இடது காதின் வாயில் அழுத்திப் பிடித்தான். தவில் மொத்தையாக வந்தது. நாதஸ்வரம் வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்படி வியர்த்துவிட்டது. ஃபேன் நின்றிருந்ததால் அல்ல.

அடுப்படியிலிருந்து வந்த வினிதா அவன் முகத்தைப் பார்த்துப் பயந்து, "என்னுங்க ஆச்சு?" என்றாள். சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் அவனுக்கு ஆச்சரியம்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். "மூணு வருசமா நான் வலப்பக்கம் வந்துதானுங்க பேசறன். பைக்குல போறப்பக்கூட அந்தப் பக்கமாத் தலைய நீட்டித்தான் சொல்லுவன். உங்களுக்குத் தெரிஞ்சு, சொல்லப் புடிக்காம இருக்கறீங்கன்னு நெனச்சன்."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். ஷெட்டில் எல்லாம் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அங்கே காது போனது தெரிய வழியில்லை. வீட்டில் இவள் பக்கம் மாறி நின்றுவிட்டாள். இத்தனை நாளும் அவன் கண்டுபிடித்ததெல்லாம் வலது காதில் விழுந்த சத்தம். நிச்சயப்படுத்திக்கொள்ள மட்டும், நல்ல காதை அடுத்த மிஷினின் இரைச்சலுக்குக் கொடுத்துவிட்டு, செத்துப்போன காதில் ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். பேருக்கு ஒரு பூசை.

வினிதா அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்த முனீசு?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குணா துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

மறுநாள் காலை வேல்குமாரிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனான். அதில் பொய் இல்லை. வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனான். 'தப்பு என்மேலதானுங்க. அவனைக் கூப்பிட்டுக்குங்க.' இவ்வளவுதான். ஆபீஸ் ரூமில் கால் வைத்ததும் வேல்குமார் எழுந்து கையைப் பிடித்தார்.

"உங்களைத்தான் நெனச்சனுங்க, குணாண்ணா. முதலிபாளையத்துல இன்னொரு ஷெட்டு போடறனுங்க. பன்னெண்டு மிஷின். நீங்கதான் அங்க மாஸ்டர். உங்க காதை நம்பித்தானுங்க இறங்கறன்." பிறகு குணாவின் சட்டைப் பையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "அதென்னுங்க ஆச்சு? லெஃப்ட்டு சரியாயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

இதைவிட நல்ல வாசல் சாமியே வந்தாலும் திறந்துவிட முடியாது. இல்லீங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். மீதியெல்லாம் தானாக வந்துவிடும். குணாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. காது போன ஃபிட்டரை எவன் வைத்துக்கொள்வான்? நாற்பத்துநாலு வயதில் வேறு என்ன தெரியும்?

"சரியாயிருச்சுங்க" என்றான். "ரெண்டு பக்கமும் அருமையாக் கேக்குதுங்க."

அன்றிலிருந்து ஷெட்டுக்குள் அதை மாட்டிக்கொண்டேதான் திரிந்தான். பாட்டு எதுவும் போடுவதில்லை. ஒயரைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வான், அவ்வளவுதான். யாராவது கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், பாட்டுக் கேட்கிறார் என்று தோளைத் தொட்டார்கள். மிஷின் சத்தம் எப்படியிருக்கிறது என்று கேட்டால், "இருப்பா, கழட்டோணும்" என்று நேரம் வாங்கிக்கொண்டு, மிஷினை நிறுத்தி, ஊசி ஊசியாகக் கண்ணால் பார்த்தான். முதலாளி கொடுத்ததை எவ்வளவு ஆசையாகப் போட்டிருக்கிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஊரில் வேறு யார் காதிலும் பொருந்தாத பொருள், அவன் பொய்க்கு அச்சாகப் பொருந்திவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் கட்டில், பீரோ, பிளாஸ்டிக் குடம், சிலிண்டர். சாமான்களுக்கு நடுவில் அபிராமி பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் பக்கத்தில் முனீஸ். இந்தப் பக்கம் திரும்பவில்லை. ராமுத்தாய் இறங்கி வந்தாள்.

அவள் கேட்டைத் திறப்பதற்குள் குணா சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்துத் திறந்தான். அவசரத்தில் இடது சரியாக உட்காரவில்லை, திருப்பி அழுத்தினான். சக். வலது. சக். உலகம் வாயை மூடிக்கொண்டது.

ராமுத்தாய் எதிரே வந்து பேசினாள். குணா காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தான். கழற்றவில்லை. அவள் நிறுத்தினாள். அந்த நாவற்பழத் துண்டுகளைப் பார்த்தாள். போனை எங்கே என்று தேடுகிற மாதிரி ஒயரின் வழியே பார்வை இறங்கியது. ஒயரின் முனை சட்டைப் பைக்கு வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் குரலை விட்டுவிட்டாள். ஷெட்டில் பேசுகிற மாதிரி உதட்டை மட்டும் அசைத்தாள், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"ஊருக்குப் போறோம் அண்ணாச்சி. வேலைய நான் கேக்க வரல."

குணாவின் கண் அவள் உதட்டிலேயே இருந்தது.

"எங்கப்பா போன் பாத்துத்தான் துணிய கெடுத்தாரான்னு எம்மக கேக்கா. பள்ளிக்கூடத்துல எல்லாம் சொல்லுதாகளாம். நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கா."

அவள் வண்டிப் பக்கம் கையைக் காட்டினாள். அபிராமி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக விரலை மடக்குனது நெசந்தான்னு அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. போதும். நாங்க போயிருவோம்."

ஒரு எழுத்து விடாமல் குணாவுக்குப் புரிந்தது. புரிந்தது என்று அவளுக்கும் தெரிந்தது. இருபது அடி நடந்தால் வண்டி. சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. அதை யாரும் வேல்குமாரிடம் கொண்டுபோகப் போவதும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வெளியே ஒருத்தரிடம் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. அவள் உதடு மறுபடி அசையத் தொடங்கியது. "அண்ணாச்சி..."

ஸ்குரூடிரைவரை ஊன்றிக் கேட்கும்போது மூடுவானே, அப்படியே குணா கண்ணை மூடிக்கொண்டான்.

எத்தனை நேரம் நின்றான் என்று தெரியாது. வண்டி கிளம்பிய சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கேட் திறந்தபடி கிடந்தது. தெருமுனையில் வண்டி இல்லை. இரண்டையும் கழற்றிப் பெட்டியில் வைத்தான்.

வீட்டுப் படியில் வினிதா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. இறங்கி அவன் பக்கத்தில் வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இடது பக்கமாக வந்து நின்று, என்னவோ சொல்லிவிட்டு, உள்ளே போனாள்.

என்ன சொன்னாய் என்று குணா கேட்கவில்லை.